பெறாமகனுக்குப் பெண் பார்க்கும் முன்

கேள்வி: என் அக்காவின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். வயது 31. தனக்கு ஆண்கள்மீதுதான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டான். கனடாச் சட்டம் கொடுத்த துணிச்சல் இது என்கிறார் அக்கா. கொழும்புக்கு அழைத்து நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று சாதகக் குறிப்புகளும் வாங்கத் தொடங்கிவிட்டார். ஒரு நாட்டில் உரிமை, இன்னொரு நாட்டில் குற்றம் என்றால் எதைச் சரியென்று எடுப்பது? எங்கள் பண்பாட்டுக்கு இது ஒவ்வுமா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தக் குறிப்புகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

அக்கா சொல்வதில் பாதி உண்மை. 2005இல் ஒருபால் திருமணத்தைச் சட்டமாக்கிய நாட்டில் வாழும் பிள்ளைக்கு வாய் திறக்கத் துணிவு வந்திருக்கும். ஈர்ப்பு சட்டத்தால் வருவதில்லை. வருமென்றால், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் நடக்கும் இலங்கையில் இப்படி ஒருவர்கூட இருந்திருக்கக் கூடாது. கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்கள், தெஹிவளையில் இருக்கிறார்கள், உங்கள் ஒழுங்கையிலும் இருப்பார்கள்.

நாடுகளை ஒப்பிடுவதென்றால் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடுகளையே எடுப்போம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நான்கிலும் ஒருபால் உறவுக்கான தடையை எழுதிவைத்தவர்கள் பிரித்தானியர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு 1860இல் வந்தது; எங்கள் 365ஆம் பிரிவு அந்த வழியில் வந்ததே. எழுதியவர்கள் தங்கள் நாட்டில் 1967இல் அதைத் தளர்த்தத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2014 முதல் திருமணமே நடக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி, வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்றது. திருமண உரிமையைத் தர 2023இல் மறுத்துவிட்டது. சிங்கப்பூர் 2022இல் பாராளுமன்றத்திலேயே தன் 377அ பிரிவை நீக்கியது. அதே கையோடு, திருமணத்தின் வரைவிலக்கணத்தை வழக்குப் போட்டு மாற்ற முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது. ஜொகூர் பாலத்தைக் கடந்து மலேசியாவுக்குள் போனால் தண்டனை 20 ஆண்டுச் சிறையும் பிரம்படியும்வரை நீளலாம். பாலத்தின் இரு கரையிலும் அதே தமிழ்தான் பேசுகிறார்கள், அதே தைப்பூசத்துக்குத்தான் காவடி எடுக்கிறார்கள். பண்பாடுதான் இதைத் தீர்மானிக்கிறது என்றால், ஒரு கரையில் குற்றமாகவும் மறு கரையில் குற்றமில்லாமலும் எப்படி இருக்க முடியும்?

பௌத்த நாட்டுக்கு ஒவ்வாது என்று இங்கே சொல்கிறவர்களும் உண்டு. தேரவாத பௌத்த நாடான தாய்லாந்தில் 2025 ஜனவரி முதல் ஒருபால் திருமணங்கள் பதிவாகின்றன.

இலங்கை செய்ததை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. 1995இல் சட்டக்கோவையைத் திருத்தியபோது, ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 365அ பிரிவை எடுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. ‘ஆண்’ என்று இருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டார்கள். அதுவரை அந்தப் பிரிவுக்குள் வராத பெண்களும் அன்றிலிருந்து குற்றவாளிகளானார்கள். வெள்ளைக்காரன் தொடாமல் விட்டவர்களை எங்கள் பாராளுமன்றம் கைநீட்டிப் பிடித்தது. இதைக் குற்றமில்லாமல் ஆக்க, அப்போது பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பிரேம்நாத் தொலவத்த 2023இல் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமே சொல்லியது. கதவு திறந்திருந்தது, யாரும் உள்ளே போகவில்லை. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோது அந்தச் சட்டமூலமும் காலாவதியானது. இந்தப் பிரிவால் சிறைக்குப் போகிறவர்களைவிட, அதைக் காட்டி மிரட்டப்படுகிறவர்களே அதிகம். பணத்தைப் பறிகொடுத்தும், அடி வாங்கியும், பொலிஸுக்குப் போக முடியாமல் வாய்மூடி இருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதமே அதற்குச் சாட்சி. ரொறன்ரோவில் நீதிமன்றம் அந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. அவன் வீட்டுச் சமையலறையில் ஒருவரும் நிற்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுதிக் கொண்டுவந்த கடிதத்தைக் கொடுக்காமல், கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு இருந்தார். கொடுத்த பிளேன்ரீ ஆறி ஏடு கட்டிவிட்டது. திருமணமாகி மூன்று ஆண்டுகள். கணவர் கெட்டவர் அல்லர். சம்பளத்தை அப்படியே கையில் கொடுப்பார், மாமியாருக்கு முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார். இரவில் மட்டும் முன் அறையில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவார். தனக்குத்தான் ஏதோ குறை என்று இரண்டு வைத்தியர்களிடம் போய்வந்திருக்கிறார் இந்தப் பெண். கடைசியில் கணவரே அழுதுகொண்டு சொல்லியிருக்கிறார்: திருமணத்துக்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும் என்று. “அவரை மன்னித்துவிட்டேன் ஐயா, தெரிந்துகொண்டே என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை மன்னிக்க முடியவில்லை” என்றார். அந்தக் கடிதத்தை அவர் கடைசிவரை என்னிடம் தரவில்லை.

உங்கள் அக்கா இப்போது குறிப்பு வாங்கிவைத்திருக்கும் வீடுகளில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லப்போவதில்லை.

அக்காவுக்குப் புரியவில்லை என்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இரண்டு இளம்பெண்களின் வழக்கு வந்தது. சேர்ந்து வாழப் புறப்பட்டவர்களைக் காணவில்லை என்று பெற்றோர் பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விடயம் முழுதாக விளங்கவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசிக் கற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். இவர்களை ‘மாற்றிக் காட்டுகிறோம்’ என்று செய்யும் வைத்தியத்துக்கு அந்தத் தீர்ப்பு தடை போட்டது. உலக சுகாதார அமைப்பு 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ஒன்றுக்கு வைத்தியம் ஏது, கல்யாணம்தான் ஏது? நீதிபதி நாற்காலியில் இருப்பவர் கற்றுக்கொள்ள இறங்கி வந்தார். ஒரு தாயால் முடியாதா?

நீங்கள் சின்னம்மா. தாயிடம் பேச முடியாததைப் பிள்ளைகள் சின்னம்மாவிடம்தான் பேசுவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே அவனுக்குத் தொலைபேசி எடுங்கள். பெண் பார்ப்பதை நிறுத்தியாகிவிட்டது என்று சொல்லுங்கள். அவனுடன் யாரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அவருடைய பெயரையும் கேளுங்கள்.