மினிமம் மட்டும் கட்டினால் கடன் எப்போது தீரும்?

கேள்வி: என்னிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் இருக்கின்றன. மூன்றிலும் சேர்த்து நிலுவை என் ஐந்து மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு வருடமாக மினிமம் தொகையை, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை, தவறாமல் கட்டி வருகிறேன். கையில் காசில்லாத மாதங்களில் ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டியதும் உண்டு. கடன் குறைந்தபாடில்லை. மனைவிக்கு முழு விவரம் தெரியாது. பேசாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வேலை இருக்கிறது, சம்பளம் வருகிறது, ஒரு தவணைகூடத் தவறவில்லை. திவால் மனு போடுகிற நிலைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை. ஆனால் இப்படியே போனால் வந்துவிடுவீர்கள்.

முதலில் மினிமம் தொகையைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிலுவை 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் அது வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். முதல் மாதம் வட்டி சேர்ந்து 1,03,000 ஆகிறது, நீங்கள் 5,150 கட்டுகிறீர்கள். ஒரு வருடம் இப்படிக் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 55,000 போயிருக்கும். அதில் 32,000 வட்டி. அசலில் குறைந்தது 23,000தான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நிலுவை குறையக் குறைய மினிமம் தொகையும் குறைந்துகொண்டே வரும். பில்லில் சின்னத் தொகையைப் பார்த்ததும் நிம்மதியாக அதை மட்டும் கட்டிவிடுகிறோம். 30 மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல், சுமார் 52,000, அப்படியே நிற்கும். அதற்குப் பதில் முதல் மாதம் கட்டிய அதே 5,150ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டியிருந்தால்? அதே 30 மாதத்தில் கடன் முழுக்கத் தீர்ந்திருக்கும். ஒரு காசுகூடக் கூடுதலாகத் தேவையில்லை, தொகையைக் குறைக்காமல் இருந்தாலே போதும். ஆகவே மூன்று கார்டுக்கும் இந்த மாதம் கட்டும் மொத்தத் தொகையைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து இறங்கக் கூடாது.

இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் கார்டில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. நிலுவை இருக்கும்போது பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லா நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ரொக்கம் எடுத்தால் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றுக்குக் கட்டியதுதான் உங்கள் கடன் குறையாமல் போனதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

மூன்றில் எதை முதலில் அடைப்பது? வட்டி அதிகமான கார்டைத்தான். மற்ற இரண்டுக்கும் மினிமம் போக மிச்சம் எல்லாம் அதற்கே போகட்டும். சின்ன நிலுவையை முதலில் முடித்தால் மனசுக்குத் தெம்பு வரும் என்பார்கள். அதுவும் தப்பில்லை, வட்டிதான் கொஞ்சம் கூடும். வங்கியில் வைப்புத்தொகை ஏதாவது கிடந்தால், ஒரு மாதச் செலவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துக் கடனில் கட்டிவிடுங்கள். அங்கே வரும் வட்டியைவிட இங்கே போகும் வட்டி பல மடங்கு.

அப்புறம், வங்கிக்கு நீங்களே போன் செய்யுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே பேசுகிறவருக்குத்தான் நல்ல வழிகள் கிடைக்கும். வட்டியைக் குறைக்கவோ நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைத்தால் அதை வாங்கிக் கார்டை அடைக்கலாம், அடைத்த கார்டை மறுபடி தேய்க்காமல் இருக்க முடியுமென்றால் மட்டும். பாதி கட்டினால் போதும் என்ற செட்டில்மென்ட்டுக்கு இப்போது போகாதீர்கள். முழுதும் கட்டாமல் முடித்த கணக்கு என்று கடன் வரலாற்றில் பதிவாகி, பல வருடம் கூடவே வரும்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மூன்று பில்லையும் அவர் முன்னால் வைத்துச் சொல்லுங்கள். வீட்டுச் செலவைக் குறைக்கப் போகிறீர்கள். காரணம் தெரியாமல் அவரால் எப்படி ஒத்துழைக்க முடியும்?

வேலை போய், மாத வட்டியைக்கூடக் கட்ட முடியாத நிலை வந்தால் திவால் சட்டத்தை நாடுவதில் அவமானம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் அந்தச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம், உங்கள் மனுவுக்கே அது கேடாக முடியும். உங்கள் கடன் எதற்காவது யாராவது ஜாமீன் போட்டிருந்தால் அதையும் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் திவாலானாலும் பொதுவாக அவர் பொறுப்பு தீராது. வங்கி அவரிடம் போய் நிற்கும்.