அப்பாவின் நினைவு நாளில் ரத்ததான முகாம்

கேள்வி: சென்ற மே மாதம் சாலை விபத்தில் என் அப்பா இறந்துபோனார். அவருக்கு 9 யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். எல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வண்டி பிடித்து வந்து கொடுத்தது. முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஊரில் ரத்ததான முகாம் நடத்த நினைக்கிறேன். 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். 200 பேரைத் திரட்டி, ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ் கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?
- வாசகர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: மே மாதத்தில் நடத்துவது மிகவும் நல்லது. ரத்த வங்கிகளுக்குக் கல்லூரி மாணவர்கள்தான் பெரிய பலம். கோடை விடுமுறையில் அந்த முகாம்கள் நின்றுபோகும். விபத்தும் பிரசவமும் விடுமுறை பார்த்து வருவதில்லை.

ஆனால் ஒரே நாளில் 200 பேர் வேண்டாம். எடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரிப்பார்கள். சிவப்பணு 35 முதல் 42 நாள் வரை தாங்கும். தட்டணுவுக்கு 5 நாள்தான் ஆயுள். ஒரே நாளில் வந்து குவிந்தால் அது வீணாகும். அதற்கடுத்த மாதம் அதே ரத்த வங்கி ஆள் தேடி அலையும். மே இரண்டாம் ஞாயிறு 60 பேர், செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு 60 பேர் என்று வையுங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம் என்பதால், மே மாதம் கொடுத்தவர்களே செப்டம்பரிலும் வர முடியும்.

தொடங்க வேண்டிய இடம் அரசு மருத்துவமனை ரத்த வங்கி. அதன் மருத்துவ அலுவலரை ஒரு மாதம் முன்பே நேரில் பார்த்துக் கடிதம் கொடுங்கள். 'எத்தனை யூனிட் வேண்டும், எந்தத் தேதி வசதி, தட்டணு பிரிக்கும் வசதி உண்டா' என்று கேளுங்கள். அவர் 40 போதும் என்றால் 40தான். தனியார் ரத்த வங்கியை அழைப்பதானால், ரத்த வங்கி நடத்துவதற்கான படிவம் 28-சி உரிமத்தைப் பார்த்துவிட்டு அழையுங்கள்.

இனி ஹாட் பாக்ஸ். அன்பாகத்தான் நினைக்கிறீர்கள், ஆனாலும் தயவுசெய்து கைவிடுங்கள். ஒவ்வொரு பையையும் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பார்கள். ஆனால் தொற்று ஏற்பட்ட புதிதில் சோதனையில் அது தெரியாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பாற்றுவது, ரத்தம் கொடுக்கும் முன் நிரப்பும் படிவத்தின் கேள்விகளுக்குக் கொடையாளர் சொல்லும் உண்மைதான். பரிசுக்காக வருகிறவர், போன மாதம் பச்சை குத்தியதை மறைத்துவிடுவார் (பச்சை குத்தி 12 மாதம் ஆகியிருக்க வேண்டும்). இதே காரணத்துக்காக, யாரையும் 'நீயும் படுடா' என்று கூட்டத்தில் வைத்து இழுக்காதீர்கள். வேண்டாம் என்று ஒதுங்குகிறவருக்குச் சொல்ல முடியாத காரணம் இருக்கலாம். மருத்துவர் கேள்வி கேட்கும் மேசை மறைவாக, அடுத்தவர் காதில் விழாதபடி இருக்கட்டும்.

60 யூனிட் வேண்டுமென்றால் 90 பேருக்காவது சொல்லி வையுங்கள், தகுதி இல்லையென்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள். வயது 18 முதல் 65. எடை குறைந்தது 45 கிலோ. 350 மி.லி. எடுப்பார்கள், 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 மி.லி. வரை எடுக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். நம் பெண்களில் பலர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போவார்கள். முகம் வாடிப் போக விடாதீர்கள். விரலில் குத்திப் பார்த்த அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கச் சொல்லுங்கள். அன்றைய முகாமில் அவர்களுக்குக் கிடைக்கும் பெரிய உதவி அந்தச் சீட்டுத்தான். மாதவிடாய் நாட்களிலும், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் எடுக்க மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் இல்லை. முந்தைய 24 மணி நேரத்தில் மது அருந்தியவர்களுக்கும் இடமில்லை. முந்தின நாள் ஊரில் திருவிழாவோ கல்யாணமோ இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

நேரம் காலை 8 முதல் 11 வரை. வெயில் ஒரு காரணம். எடுத்த சில மணி நேரத்துக்குள் பை ரத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் தட்டணு பிரிக்க முடியும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஏழு படுக்கை போட்டால் ஒருவருக்கு 20 நிமிடம் வீதம் மூன்று மணி நேரத்தில் 63 பேர் வரை முடியும். கொட்டகை, சாமியானா எதுவும் வேண்டாம். மின்விசிறி, தடையில்லாத மின்சாரம், கை கழுவத் தண்ணீர், கழிப்பறை உள்ள பள்ளி வகுப்பறையோ கல்யாண மண்டபமோ போதும். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறும்படி இருந்தால் நெரிசல் வராது.

வெறும் வயிற்றோடு யாரும் வரக் கூடாது. இது ஊர் முழுக்கப் போய்ச் சேர வேண்டிய செய்தி. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, வந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் மயக்கம் பெரும்பாலும் வராது. மயக்கம் வருவது அதிகமும் முதல்முறை கொடுக்கும் இளைஞர்களுக்கு. படுத்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, எழுந்து நாலு எட்டு வைத்ததும் முகம் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பும். உடனே அங்கேயே தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடித்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் தெளிப்பது உதவாது. வாழைப்பழமும் பழச்சாறும் கொடுக்கும் இடத்தில் இரண்டு பேரை நிறுத்தி, ஒவ்வொருவரையும் 15 நிமிடம் உட்கார வைத்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். அங்கு நிற்பவர்கள் தட்டைப் பார்ப்பதைவிட முகத்தைப் பார்க்க வேண்டும். ஊசி குத்திய இடத்தைக் கையை நீட்டியபடி பஞ்சால் அழுத்தச் சொல்லுங்கள், மடக்கினால் ரத்தம் கட்டிக் கன்றிப்போகும். தென்னை ஏறுபவர், கிணற்றில் இறங்குபவர், கனரக வண்டி ஓட்டுபவர் அன்று அந்த வேலைக்குப் போகக் கூடாது.

அரிதான நெகட்டிவ் வகை ரத்தம் உள்ளவர்களை முகாமில் மொத்தமாகக் கொடுக்க வைக்காதீர்கள். ஒரு நோட்டில் பெயர், வகை, கைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி எழுதி வையுங்கள். ரத்த வங்கி கூப்பிடும்போது ஒருவரை அனுப்பலாம். அவர்கள் போய்வர வண்டிச் செலவுக்கு உங்கள் பணத்தில் 10,000 ரூபாயை ஒதுக்குங்கள். இரண்டு முகாமின் சிற்றுண்டிக்கும் மற்ற செலவுக்கும் 15,000 ரூபாய் போதுமானது. மீதியை அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்துக்கு, என்ன தேவை என்று கேட்டுக் காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் படத்தைப் படுக்கைகள் இருக்கும் அறையில் வைக்க வேண்டாம். ஊதுபத்திப் புகையும் மாலை வாடையும் மூடிய அறையில் படுத்திருப்பவருக்குக் குமட்டலைத் தரும். வாசலில், பதிவு மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள்.