40 வயசுக்கு மேல புதுசா ஒரு தொழில், அதுவும் கற்பனை வேணுங்கிற தொழில், ஆரம்பிக்க முடியுமா?

நாப்பது தாண்டிருச்சு, செஞ்ச வேலை கைய விட்டுப் போயிருச்சு, இனிமே புதுசா எதையாச்சும் உருவாக்க மூளை இடம் குடுக்குமானு கேட்டிருக்கீங்க. குடுக்கும். ஆனா நடுவுல ஒரு நாலஞ்சு வருஷம் நல்லா அடி வாங்கும், அத யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால அத மட்டும் சொல்றேன்.

நான் போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட். திண்டுக்கல் பக்கம். தகரத்துக்கு பிரைமர் அடிச்சு காய விட்டு, சாக்பீஸ் தூள்ல நூல முக்கி ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிச்சு நடுவுல சுண்டி விட்டா நேரா ஒரு கோடு விழும், அந்தக் கோட்டு மேல எனாமல்ல எழுத்து, காஞ்சதும் ஷேடு, கடைசியா மூலையில பொடிசா நம்ம பேரு போட்டு பக்கத்துல 'ஆர்ட்ஸ்'. 2000க்கு அப்புறம் ஃபிளெக்ஸ் வந்துச்சு. எனக்கு ஒன்றரை நாள் ஆகுற வேலைய மிஷின் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள துப்பிருச்சு, அதுல கடைக்காரர் போட்டோவும் சேத்து. அவரக் குத்தம் சொல்ல என்ன இருக்கு.

வேற வழியில்லாம ஒரு ஃபிளெக்ஸ் கடையிலயே டிசைனரா சேந்தேன். சொல்லிக் குடுத்த தம்பிக்கு இருவது வயசு இருக்கும், அண்ணே அண்ணேனு மரியாதையாத்தான் பேசுவான், ஆனா மவுஸ பிடிச்சு நான் தடுமாறுறப்ப பின்னாடி நின்னு பாப்பான் பாருங்க, அந்தக் கூச்சம் இருக்கே, புது வேலை கத்துக்கிறதுல அதுதான் பாதி கஷ்டம். எல்லாரும் ஆறுதலுக்கு எம்.எஃப். ஹுசைன் கதை சொல்லுவாங்க, பம்பாயில சினிமா பேனர் வரஞ்சவருதான் அவ்வளவு பெரிய ஓவியர் ஆனாருன்னு. இல்லாட்டி நடிகர் சிவகுமார், ஓவியம் படிச்சுட்டு நடிக்க வந்து, நடிப்ப விட்டுட்டு கம்பராமாயணம் பேசப் போனாருல்ல, அது. ரெண்டும் நெசந்தான். ஆனா நம்மகிட்ட சொல்றவங்க முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டுந்தான் சொல்லுவாங்க, நடுவுல இஎம்ஐ கட்டுற மாசமெல்லாம் அதுல வராது.

ஒருநாள் அந்தத் தம்பி கோரல் டிராங்கிற டிசைன் சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டல் பேர டைப் பண்ணி பெருசாக்கி வச்சிருந்தான். பாத்த ஒடனே கண்ண உறுத்துச்சு. 'ட'வுக்கு வலது பக்கம் மேல காலியா கெடக்கும், அடுத்த எழுத்த கொஞ்சம் உள்ள தள்ளி வைக்கலேன்னா ஓட்ட விழுந்த மாதிரி தெரியும், அதே மாதிரி உருண்டையா இருக்குற எழுத்த கோட்ட விட்டு ஒரு மயிரிழை வெளிய விட்டாத்தான் மத்ததோட சமமா தெரியும். நகத்தி வச்சேன். எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்கனு கேட்டான், என்னத்த சொல்ல, பதினாலு வயசுல மண்ணெண்ணெய்ல பிரஷ் கழுவிக்கிட்டே வாத்தியார் எழுதுறத பாத்தது அப்படியே கண்ணுல நின்னுருச்சு. தொழில் போச்சுனு நெனச்சேன், கண்ணு எங்கயும் போகல.

அப்புறம் அந்த ஃபிளெக்ஸ் வேலைக்கும் வந்துச்சு வினை. 2019 செப்டம்பர்ல பள்ளிக்கரணையில ரோட்டுல பேனர் விழுந்து ஒரு பொண்ணு செத்துப் போச்சுல்ல, அதுக்கப்புறம் ஐகோர்ட் கெடுபிடி, கட்சி ஆர்டர் எல்லாம் குறைஞ்சுது (குறைஞ்சது நல்லதுதான், என் பொழப்பு போனாலும்). அந்தச் சமயத்துலதான் டெல்லியில ஹனீஃப் குரேஷினு ஒருத்தர் தெருவுல போர்டு எழுதுறவங்க எழுத்தையெல்லாம் அவங்கவங்க பேர்லயே ஃபான்ட்டா, அதாவது கம்ப்யூட்டர்ல டைப் பண்ற எழுத்தா, மாத்திக்கிட்டு இருக்காருனு தெரிஞ்சுது. மனுசன் 2024ல இறந்துட்டாரு. அவரப் பாத்துத்தான் என் கையெழுத்த நானே ஃபான்ட் ஆக்கலாம்னு ஃபான்ட் செய்யிற ஃபான்ட்ஃபோர்ஜ் சாஃப்ட்வேர எடுத்து வச்சு உக்காந்தேன், அது இலவசம், அதான் காரணம். பேப்பர்ல பிரஷ்ல எழுதி, ஸ்கேன் பண்ணி, ஓரமெல்லாம் புள்ளி வச்சு இழுக்கணும். 247 எழுத்தையும் வரைய வேணாம், கா கெ எல்லாம் துணைக்கால் ஒத்தக்கொம்ப சேத்து ஓட்டிரலாம். ஆனா கு, கூ, டு, டூ வரிசை அப்படி இல்ல, ஒவ்வொண்ணும் தனி உருவம், பதினெட்டு மெய்க்கும் ரெண்டு ரெண்டு.

காசு? ஃபான்ட்ல இதுவரைக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்கூல் சுவத்துல படம் வரையிறது, காபி கடைக்காரங்க பழைய ஸ்டைல்ல போர்டு கேக்குறது, இதுலதான் வீடு ஓடுது. வேலைய மொத்தமா விட்டுட்டு இதுல குதிங்கனு உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணி நேரம் போதும்.

இப்ப ஊகார வரிசையில நிக்கிறேன். ஙூ, ஞூ ரெண்டும் இத்தன வருஷத்துல எந்தக் கடை பேர்லயும் வந்ததே இல்ல, வாத்தியாரும் எழுதிக் காட்டினது இல்ல, அதனால அது எப்படி இருக்கணும்ங்கிறத நானாத்தான் முடிவு பண்ணணும்.