சொந்த டிராக்டருக்குச் சொந்த செமி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: டெக்சஸில் பத்து ஏக்கர் நிலம் இருக்கிறது. பழைய டிராக்டர்கள் சேகரிப்பது பொழுதுபோக்கு. கண்காட்சிகளுக்கு ஏற்றிப் போக பழைய செமி ட்ரக் (பெரிய ட்ரெய்லரை இழுக்கும் லாரி) ஒன்றை வாங்கலாமா? வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இல்லை. சி.டி.எல். (வணிக ஓட்டுநர் உரிமம்) வேண்டுமா?

பதில்: வாங்கலாம். தனிநபர் தன் சொந்தப் பொருளை எப்போதாவது, கூலி வாங்காமல், எந்தத் தொழிலுக்கும் துணையாக இல்லாமல் கொண்டுபோனால் அமெரிக்க மத்திய அரசின் வணிக வாகன விதிகளிலிருந்து விதி 390.3 விலக்கு தருகிறது. டிராக்டர் இழுவைப் போட்டிகளுக்கும் போவீர்கள் என்றால் மூன்றைக் கவனியுங்கள். பரிசுப் பணத்தைச் சாதாரண வருமானமாக வரிக் கணக்கில் காட்ட வேண்டும்; செலவைத் தொழில் செலவாகக் கழிக்கக் கூடாது; நிறுவன ஸ்பான்சர் இருக்கக் கூடாது. பலர் சறுக்குவது இரண்டாவதில்தான். செமியின் தேய்மானத்தைப் பண்ணைக் கணக்கில் கழித்துக்கொண்டு, சாலையில் நிறுத்தும் அதிகாரியிடம் பொழுதுபோக்கு என்று சொன்னால் எடுபடாது.

உரிமம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த மதிப்பீட்டு எடை (தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச எடை) 26,001 பவுண்டை எட்டி, ட்ரெய்லர் மட்டுமே 10,000 பவுண்டைத் தாண்டினால் அதற்குக் கிளாஸ் ஏ உரிமம் வேண்டும். டெக்சஸில் சி.டி.எல். அல்லாத, வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் தனியாக உண்டு; அதை வாங்குங்கள். காருக்கு வாங்கிய கிளாஸ் சி உரிமத்தோடு செமியில் ஏறாதீர்கள்.

உண்மையாகவே விவசாயம் செய்பவர்களுக்கு வேறொரு விலக்கு இருக்கிறது. பண்ணை நம்பர் பிளேட் போட்ட வண்டியை உரிமையாளரோ குடும்பத்தாரோ பணியாளரோ சொந்த மாநிலம் முழுவதும், எல்லை தாண்டினால் பண்ணையிலிருந்து 150 மைல் வரை, சி.டி.எல். இல்லாமல் ஓட்டலாம். இதையும் முதலில் சொன்னதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நண்பரின் டிராக்டரையும் ஏற்றிக்கொண்டு டீசல் காசு மட்டும் வாங்கலாமா? கதவில் ‘நாட் ஃபார் ஹையர்’ (வாடகைக்கு அல்ல) என்று எழுதியிருக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள். ஏற்றிச் செல்வதற்குக் கைமாறு பெற்றால் விலக்கு போய்விடும். கதவில் எழுதியதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கேள்வி: சொந்த உபயோக செமிக்கும் நெடுஞ்சாலை வரி உண்டா?

பதில்: ட்ரக், ட்ரெய்லர், வழக்கமான சுமை மூன்றும் சேர்ந்து 55,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் உண்டு. ஜூலை முதல் ஜூன் வரையான ஆண்டில் 5,000 மைலுக்குள் (விவசாய வண்டிக்கு 7,500) ஓடும் என்று எதிர்பார்த்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வரிக்கான 2290 படிவத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் படிவத்தின் முத்திரையிட்ட ஷெட்யூல் 1 பக்கம் இல்லாமல் பதிவு எண் வாங்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள். வரியைவிட அலைக்கழிப்பது இன்சூரன்ஸ். ட்ரக்குக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் தருவதற்கான உறுதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: டிராக்டர் 12,000 பவுண்டு. கிரேடு 70, 5/16 அங்குலச் சங்கிலி நான்கு வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. 10,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றின் வேலைச்சுமை வரம்பும் (பாதுகாப்பாகத் தாங்கும் சுமை) 5,000 பவுண்டாவது இருக்க வேண்டும். உங்கள் சங்கிலிக்கு அது 4,700தான். 3/8 அங்குலம் வாங்குங்கள். அதன் வரம்பு 6,600. ட்ரெய்லரிலிருந்து நேராக டிராக்டருக்குப் போகும் கட்டுக்கு அதன் வரம்பில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அப்படியும் நான்குக்கு 13,200 பவுண்டு வருகிறது. தேவை டிராக்டர் எடையில் பாதி, அதாவது 6,000. பைண்டரோ (சங்கிலியை இறுக்கும் கருவி) கொக்கியோ சங்கிலியைவிடப் பலம் குறைந்ததென்றால் அதன் வரம்புதான் கணக்கு. விலக்கு பெற்ற பயணத்திலும் இந்த அளவையே பின்பற்றுங்கள்.

பின்னால் ட்ராபாரிலும் (இழுவைக் கம்பி), முன்னால் எடைக்கட்டி மாட்டும் வார்ப்பிரும்புப் பகுதியிலும் கட்டுங்கள். ஸ்டீயரிங் தண்டிலும் ஹைட்ராலிக் குழாய் மேலும் சங்கிலி படக் கூடாது. முன் சங்கிலி முன்னோக்கியும் பின் சங்கிலி பின்னோக்கியும் இழுக்க வேண்டும். முன்னால் லோடர் (அள்ளும் வாளி) இருந்தால் ட்ரெய்லர் தளத்தில் இறக்கித் தனியாகக் கட்டுங்கள். டிராக்டர் டயர் அமுங்கி எழும்பும்போது சங்கிலி தளரும்; முதல் 50 மைலுக்குள் நிறுத்தி பைண்டர்களை மறுபடி முறுக்குங்கள். நெம்புகோல் பைண்டர் திருப்பி அடித்துக் கையை உடைக்கும். ராட்செட் வகையே மேல்.

டயருக்குள் எடை கூட்டுவதற்கான கால்சியம் குளோரைடு கரைசல் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேலனுக்குச் சுமார் 11 பவுண்டு. நூறு கேலன் கொண்ட இரண்டு டயர் என்றால் 2,200 பவுண்டு. கையேட்டில் போட்ட எடையில் இது சேராது.

டர்போ உள்ள டிராக்டரின் புகைக்குழாய் வாயை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் எதிர்க்காற்றில் டர்போ எண்ணெய் இல்லாமல் சுழன்று பேரிங் தேயும். உயரத்தையும் அளந்து பாருங்கள். சாதாரண பிளாட்பெட் ட்ரெய்லரின் தளமே தரையிலிருந்து ஐந்தடி. கேபின் வைத்த டிராக்டர் அதன்மேல் நின்றால் பல மாநிலங்களின் 13 அடி 6 அங்குல வரம்பைத் தாண்டும். தளம் தாழ்ந்த ஸ்டெப்டெக் அல்லது லோபாய் ட்ரெய்லர் தேவைப்படும்.

கேள்வி: ஆண்டில் சில முறைதான் வண்டியை எடுப்பேன். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: நின்றே கிடக்கும் செமி ஓடும் செமியைவிட அதிகம் கெடும். காற்று பிரேக்குக்கான தொட்டிகளின் அடித் தக்கையைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். குளிரில் அதுதான் வால்வில் உறைந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். காற்றழுத்தம் 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வந்ததும் என்ஜினை அணைத்து பிரேக்கை மிதித்துப் பிடியுங்கள். ட்ரெய்லர் மாட்டிய நிலையில் நிமிடத்துக்கு 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. துருவேறி டிரம்மில் ஒட்டிய பிரேக் லைனிங் சக்கரத்தை உருளவிடாமல் இழுக்கும். புறப்பட்டதும் கண்ணாடியில் ட்ரெய்லர் சக்கரங்களைப் பாருங்கள். டயர் பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் விரிசல் விட்டிருக்கும். பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கம் 3214 என்றால் 2014-ன் 32ஆவது வாரம் செய்தது. அத்தனை பழைய டயரை ஸ்டீயரிங் அச்சில் வைக்காதீர்கள். கழற்றி ட்ரெய்லருக்கு மாற்றவும் வேண்டாம்.