காரைக்குடியிலிருந்து கடல் கடக்க எத்தனை மணி நேரம்? வாசகர் கேள்விகள்

திருச்சி – சிங்கப்பூர் டிக்கெட்டில் இரவு 1 மணிக்குப் புறப்பாடு, காலை 7.45க்கு வருகை என்று இருக்கிறது. மகன் நாலு மணி நேரம்தான் என்கிறான். எது சரி? – கானாடுகாத்தான் வாசகர்

மகன் சொல்வதுதான். புறப்படும் நேரம் நம்மூர்க் கணக்கு, சேரும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. அதைக் கழித்தால் நாலேகால் மணி. அதிலும் வானத்தில் இருப்பது கொஞ்சம் குறைவுதான்; விமானம் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை சேர்த்துத்தான் டிக்கெட்டில் போடுவார்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி ஒரு வாரம் போல மிதந்து போன தலைமுறை உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கால் மணி, அரை மணியைச் சொல்லாதீர்கள்.

திருச்சி – சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 2,980, இன்னோரிடத்தில் 1,610 என்று வருகிறதே? – புதுவயல்

முன்னது கிலோமீட்டர், பின்னது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இரண்டும் சரி.

பேத்தி சான்பிரான்சிஸ்கோவில் இருக்கிறாள். துபாய் வழியா, சிங்கப்பூர் வழியா, எது கிட்டம்? எனக்கு வயது எழுபது. – தேவகோட்டை வாசகி

ஆச்சி, அந்த ஊர் உலக உருண்டையில் நமக்குக் கிட்டத்தட்ட மறுபக்கம். சென்னையிலிருந்து நேர்க்கோடு போட்டால் சுமார் 13,900 கி.மீ.; அந்தக் கோடு கிழக்கும் போகாது, மேற்கும் போகாது, சீனா, சைபீரியா என்று வடக்கே ஏறும். விமானம் மாறிப் போகும்போது சென்னை – துபாய் வழி ஏறக்குறைய 16,000, திருச்சி – சிங்கப்பூர் வழி 16,500 சொச்சம். இந்த 500 கி.மீ. வித்தியாசம் முக்கால் மணி நேரம்கூட வராது. அதை விடுங்கள்.

பார்க்க வேண்டியது வேறு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது; ஊருக்குள் நுழையாமல் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னை என்றால் ஒரு ராத்திரிப் பயணம் கூடும். அதனால் என் ஓட்டு சிங்கப்பூருக்கு. ஆனால் முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நட்டம் உங்களுக்கு. பெட்டியை எடுத்து மறுபடி போடுவது, விசா என்று தொல்லைகளும் சேரும். இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். சக்கர நாற்காலியைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் ஒரு வேடிக்கை: சிங்கப்பூரில் காலை 9 மணிக்கு ஏறினால், பதினைந்து, பதினாறு மணி நேரம் பறந்து, அதே தேதி காலை 9 மணி வாக்கில் இறங்குவீர்கள். மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வேளையை மட்டும் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து லண்டன் போக 11 மணி, திரும்ப 10 மணி. ஒரே தூரம்தானே? – காரைக்குடி

தூரம் ஒன்றுதான், சுமார் 8,200 கி.மீ. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளும். போகும்போது முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் வேகம் இன்னும் அதிகம். வழியில் ஏதாவது நாடு வான்வெளியை மூடினால் சுற்றிப் போக வேண்டும், அப்போது இந்தக் கணக்கும் மாறும்.

செட்டிநாட்டிலேயே பழைய ஓடுதளம் இருக்கிறதே, அங்கே இறங்க முடியாதா? – பள்ளத்தூர்

அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம். பயணிகள் விமானம் அங்கே வருவதில்லை. இப்போதைக்குத் திருச்சி, இல்லாவிட்டால் மதுரை.