மழை கேள்வி – பதில்: ஐந்து லிட்டர் கேன் போதுமா?

வீட்டிலேயே மழைமானி செய்ய முடியுமா? மொட்டைமாடியில் வைக்கலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

செய்யலாம். வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள புனலும் 10 லிட்டர் கேனும் போதும். அந்த வாயின் பரப்பு 201 சதுர செ.மீ. ஆகவே கேனில் சேரும் ஒவ்வொரு 20 மில்லியும் 1 மி.மீ. மழை, ஒரு லிட்டர் என்றால் 5 செ.மீ. அளக்க மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்சு நல்லது. சமையலறை டம்ளரை நம்பாதீர்கள்.

ஐந்து லிட்டர் கேன் போதாதா என்று கேட்பீர்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இந்தப் புனலில் அது 8 லிட்டர். ஐந்து லிட்டர் கேன் 25 செ.மீ.யிலேயே நிரம்பி வழிந்திருக்கும். மறுநாள் நோட்டில் ஏறுவது பொய்க்கணக்கு.

மொட்டைமாடி வேண்டாம். அங்கே காற்று சுவரில் மோதி மேலெழும்பி, துளிகளைப் புனல் வாயைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். வாடை பலமாக அடிக்கும் நாளில் கணக்கு நன்றாகவே குறையும். தரையில், வாய் 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்கட்டும். 10 மீட்டர் பனை நின்றால் 20 மீட்டராவது தள்ளி வையுங்கள். நம் ஊர் மணல் தெறித்து உள்ளே விழும் என்பதால் சுற்றிலும் ஜல்லியோ தென்னை நாரோ பரப்புங்கள்.

தினமும் காலை 8.30-க்கு அளந்து, அன்றைய தேதியில் எழுதுங்கள். மழை இல்லாவிட்டால் 0. அளக்க மறந்த நாளுக்குக் கோடு. இந்த இரண்டையும் குழப்பினால் பத்து வருட நோட்டும் வீண்.

பருவமழை முன்னறிவிப்பில் 'இயல்பைவிடக் கூடுதல் மழைக்கு 45 சதவீத வாய்ப்பு' என்கிறார்கள். நம்பிப் புழுதி விதைப்பு விதைக்கலாமா? எல் நினோ என்றால் நமக்கு நல்லதா, கெட்டதா?
– வாசகர், திருவாடானை

கடந்த 30 வருட மழையைக் குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கிப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள்: குறைவு, இயல்பு, கூடுதல். எதுவும் தெரியாதபோது ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். 45 என்றால் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. மீதி 55 வேறு பக்கம் கிடக்கிறது. இருக்கிற விதை முழுவதையும் ஒரே ஈரத்துக்குப் போட அந்த எண் போதாது.

எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டில், தென்மேற்குப் பருவமழை தளர்ந்தாலும், நம் வடகிழக்குப் பருவமழை கூடுவதே பெரும்பாலும் வழக்கம், 2015 அப்படித்தான். அதே கடல் வழக்கத்தைவிடக் குளிரும் லா நினாவில் குறையும் என்பார்கள். ஆனால் 2021-இல் லா நினா இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்தது. பசிபிக் தீவுகளில் இந்தப் பிடி இன்னும் இறுக்கம். எல் நினோவில் வெப்பக் கடல்நீர் கிழக்கே நகர, மழைமேகமும் கூடவே போய்விடும். அப்போது கிரிபாட்டியின் தாராவாவில் மழை பெருகும். பலாவும் மார்ஷல் தீவுகளும் காயும். லா நினாவில் தாராவாவும் துவாலுவும் வறளும். 2011-இல் துவாலு குடிநீருக்காக நெருக்கடி நிலையே அறிவித்தது.

பசிபிக்கின் அத்தனை சின்னத் தீவில் மழையை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? செயற்கைக்கோள் போதாதா?
– வாசகி, கீழக்கரை

உலக மழையை அளக்க 2014-இல் ஏவப்பட்ட ஜிபிஎம் செயற்கைக்கோளின் கணக்கு அரை மணிக்கு ஒருமுறை வருகிறது. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கி.மீ. சதுரம். சில நூறு மீட்டர் அகலமுள்ள தீவு அதில் ஒரு கீற்று. மீதியெல்லாம் கடல்மேல் பெய்த மழை. ஃபிஜி மாதிரி மலைத்தீவில் காற்று மோதும் சரிவில் பெய்வது அதற்குக் குறைவாகவே தெரியும். போன் ஆப்பில் மழை காட்டும்போது உங்கள் முற்றம் காய்ந்து கிடக்க இதுவும் ஒரு காரணம். அதனால் தீவுகளிலும் அடிப்படை மழைமானிதான்: தொடர்ந்து மூன்று மாத மழையைக் கூட்டி, பழைய ஆண்டுகளின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். செயற்கைக்கோள் இடைவெளியை நிரப்பும்.

நம் வீட்டுத் தொட்டிக்கும் மழைமானிக் கணக்கே பயன்படும். 50 சதுர மீட்டர் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால், சேதாரம் போக 4,000 லிட்டர். ஐந்து பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 100 லிட்டர் என்றால் 40 நாள். உங்கள் நோட்டில் மழையே இல்லாத மிக நீண்ட ஓட்டம் எத்தனை நாள் என்று எண்ணி, தொட்டி அளவை அதிலிருந்து முடிவு செய்யுங்கள். சராசரி மழையைப் பார்த்துக் கட்டிய தொட்டி சித்திரையில் வறண்டு கிடக்கும். முதல் 2 மி.மீ.யை, அதாவது 100 லிட்டரை, வெளியே விடுங்கள். கூரையில் படிந்த உப்பும் காக்கை எச்சமும் அதில் போய்விடும்.

தானியங்கி மழைமானி வாங்கினேன். நல்ல மழையிலும் எண் ஏறவில்லை.
– வாசகர், தேவிபட்டினம்

உள்ளே நிரம்பியதும் ஊஞ்சல் மாதிரி சாய்ந்து எண்ணைக் கூட்டும் சிறு கிண்ணம் சிக்கியிருக்கும். உப்புப் பொருக்கு, மணல், சிலந்தி வலை மூன்றையும் பாருங்கள். நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். பிறகு சோதியுங்கள்: வாய் 200 சதுர செ.மீ., ஒரு சாய்வு 0.2 மி.மீ. என்றால் 4 மில்லிக்கு ஒரு சாய்வு. 400 மில்லியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டால் 100 முறை சாய வேண்டும். வேகமாக ஊற்றினால் கிண்ணம் திரும்புவதற்குள் நீர் வீணாகிக் கணக்கு குறையும். பேய்மழையிலும் இதுவே நடப்பதால், பக்கத்தில் ஒரு சாதா புனல் மானியும் இருக்கட்டும்.