குள்ளமா இருக்கிறதாலதான் எனக்குச் சந்தேகமா?

வணக்கம் நண்பரே. நீங்க 5 அடி 4 அங்குலம், மனைவியும் கிட்டத்தட்ட அதே உயரம். ஆபீஸ்ல உயரமான ஒருத்தரோட அவங்க சிரிச்சுப் பேசினா உங்களுக்கு வயிறு எரியுது, ராத்திரி அவங்க போனை எடுத்துப் பார்க்கிறீங்க. உயரம்தான் காரணமான்னு கேட்டிருக்கீங்க.

கொஞ்சம் இருக்கலாம். நெதர்லாந்துலயும் ஸ்பெயின்லயும் நடத்தி 2008-ல் வெளியான ஆய்வுல, உயரமான ஆண்களுக்குப் பொறாமை குறைவுன்னு தெரிஞ்சது. அடுத்த வருஷம் பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வு, அவங்களுக்கு உறவுல திருப்தியும் கூடுதல்னு சொன்னது. ஆனா இதெல்லாம் அவங்கவங்க தங்களைப் பத்தி நிரப்பின படிவம்தான். துணை என்ன நினைக்கிறாங்கன்னு அதுல தெரியாது. சராசரிக் கணக்கு, உங்க வீட்டு ஜாதகம் இல்லை.

உங்க உயரம் தெரிஞ்சுதானே அவங்க கல்யாணத்துக்குச் சம்மதிச்சாங்க? ஹீல்ஸ் போடாதேன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. என்னைக் கேட்டா, உங்க உயரத்தை விட அதுதான் அவங்களை உறுத்தும். முதல்ல அதை விடுங்க, போனையும் தொடாதீங்க. "நீ அவரோட பேசும்போது எனக்குப் பயமா இருக்கு"ன்னு குற்றம் சாட்டாம நேராச் சொல்லுங்க. அப்பவும் சந்தேகம் அடங்கலைன்னா ரெண்டு பேருமா ஒரு ஆலோசகரைப் பாருங்க. உயரமாத் தெரியணும்னு ஷூவுக்குள்ள வைக்கிற அட்டை மட்டும் வேண்டாம், காலு வலிக்கும்.